நான்கு வருடம் பிள்ளை பார்த்த அக்கா கூடுதல் சம்பளத்துக்குப் போகிறார். இது நன்றி மறந்த செயலா?

வெள்ளவத்தை அம்மா:
எங்கள் மகளைக் கைக்குழந்தையிலிருந்து பார்த்தவர் அட்டன் பக்கத்து அக்கா. மாதம் 45,000 ரூபாய், சாப்பாடும் தங்குமிடமும் எங்களுடையது. கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டில் 70,000 தருகிறார்களாம்; தைப்பொங்கல் முடிந்ததும் போகிறேன் என்கிறார். எங்களால் 55,000க்கு மேல் முடியாது. மகள் அவருடைய முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா?" என்று மாமி குமுறுகிறார். எனக்கும் நெஞ்சு கொதிக்கிறது. இப்படி விட்டுப்போவது சரியா?

டிக்கோயா மகள்:
சரிதான் அக்கா. என் அம்மா கொழும்பு 7இல் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். என்னைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அம்மாயி வளர்த்தார். தீபாவளிக்கு வரும்போது அம்மாவின் பையில் அந்தப் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சட்டைகள் இருக்கும். எது யாருடைய எத்தனையாவது பிறந்தநாள் சட்டை என்று சொல்லிச் சொல்லியே மடித்து வைப்பார். அந்தப் பாசத்தில் பொய் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியது. அரிசி, மா எல்லாம் கூடவே ஏறின, அம்மாவின் சம்பளம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வேறு வீட்டுக்கு மாறினார். பழைய வீட்டார் அதன்பிறகு பிள்ளைகளோடு தொலைபேசியில்கூடப் பேச விடவில்லை. அதற்காக அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்கும் அக்காவுக்கும் இடையில் தயவுசெய்து அந்தக் கதவை அடைக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற கணக்காளர்:
மாமியிடம் இதையும் சொல்லுங்கள், மகள். அலுவலகத்தில் உங்களுக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம் கட்டுகிறார். அந்த அக்காவுக்கு அது கிடையாது. வேலையை விட்டுப் போகிறவருக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் வீட்டுப் பணியாளரை விலக்கியே வைத்திருக்கிறது. அதில் உள்ள கணக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நான்கு வருடத்துக்கு இரண்டு மாதம். சட்டம் கேட்காவிட்டாலும் கொடுத்து அனுப்புங்கள்.

வெள்ளவத்தை அம்மா:
நேற்றிரவு அக்காவோடு இருந்து பேசினேன். மூத்தவன் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு எடுத்திருக்கிறான், வகுப்புக் காசு கட்ட வேண்டும் என்றார். புதிதாக வருபவருக்கு ஒரு வாரம் கூட நின்று மகளைப் பழக்கிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவார்கள். இரண்டு மாதப் பணம் ஒரேயடியாக முடியாது; பொங்கலுக்கு ஒன்று, சித்திரைப் புத்தாண்டுக்கு ஒன்று. மாமி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.