மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்குக் கட்டைகள் தொய்ந்துள்ளன: இடிக்காமல் வலுப்படுத்த முடியுமா?

கேள்வி

கும்பகோணம் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் கூடம் 12 அடிக்கு 15 அடி. 12 அடி அகலத்தில் தேக்குக் கட்டைகள் போட்டு, அவற்றின்மேல் சிறிய செங்கற்களைச் சுண்ணாம்பில் குத்துக்கல்லாக அடுக்கி, ஜல்லிக் கலவையும் தட்டோடும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை அது. ஓராண்டாக மூன்று கட்டைகள் தொய்ந்து வருகின்றன. சுவரோரம் கறையான் மண்கோடும் தெரிகிறது. கொத்தனார் கூரையை முழுவதும் இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்கிறார். வேறு வழி உண்டா?

மறுமொழி 1 (கட்டுமானப் பொறியாளர்)

கட்டை நடுவில் வளைவது வேறு, சுவருக்குள் இருக்கும் முனை உளுத்து இறங்குவது வேறு. கீழிருந்து பார்த்தால் இரண்டும் தொய்வாகவே தெரியும். கட்டையின் அடிப்பக்கத்தில் முனைக்கு முனை நூல் பிடித்துப் பாருங்கள். நடுவில் கட்டை நூலைக் கீழே தள்ளினால் அது வளைவு; நூல் நெடுகிலும் ஒட்டியிருந்து, ஒரு முனை மட்டும் தாழ்ந்திருந்தால் கோளாறு சுவருக்குள் இருக்கிறது. பிறகு சுத்தியலால் தட்டிக்கொண்டே சுவர்வரை செல்லுங்கள். நல்ல தேக்கு கணீரென்று கேட்கும்; உளுத்த இடத்தில் ஓசை பொத்தென்று அடங்கும், திருப்புளி எளிதாக இறங்கும்.

அதற்கு முன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் காலி செய்துவிடுங்கள். ஒழுகும்போதெல்லாம் சிமெண்டுக் கலவை பூசியிருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்: ஓர் அங்குலக் கனத்துக்குச் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ என்றால், உங்கள் 180 சதுர அடியில் 2 அங்குலப் பூச்சு மட்டுமே 1,800 கிலோ. அந்தப் பூச்சு சுண்ணாம்புக்குள் புகுந்த ஈரத்தை உலரவும் விடாது.

கான்கிரீட் தளம் பழைய கூரையைவிடக் கனம் என்று பலர் பயமுறுத்துவார்கள். அது உண்மையன்று, 4 அங்குலத் தளம் பெரும்பாலும் இலேசாகவே இருக்கும். என் கவலை இடிப்பதைப் பற்றியது. கட்டைகளை உருவியதும் உயரமான பழைய சுவர்களுக்குப் பிடிமானம் போய்விடும். அடுத்த வீட்டுடன் பொதுச்சுவர் இருந்தால் சிக்கல் இரண்டு மடங்கு.

மறுமொழி 2

எங்கள் வீட்டில் 10 அடி நீள அறையில் கட்டைகளுக்குக் குறுக்கே, நடுவில், 150 மி.மீ. இரும்பு ஐ-பீம் ஒன்றைக் கொடுத்தோம். சுவரைக் குடைந்து பீமை அப்படியே செருகாமல், இரு முனைகளிலும் முதலில் கான்கிரீட் படுகை வார்த்து, அது இறுகிய பிறகே ஏற்றினோம்; இல்லையென்றால் பழைய செங்கல் நசுங்கிவிடும். கட்டைக்கும் பீமுக்கும் இடையே இரும்பு ஆப்புகளை அடித்து இறுக்கினோம். பழைய தொய்வை ஜாக்கியால் நிமிர்த்த முயன்றபோது கூரையில் நீளமாக ஒரு விரிசல் ஓடியது, அத்துடன் நிறுத்திவிட்டோம்.

மறுமொழி 1 (கட்டுமானப் பொறியாளர்)

வளைவுக்கு இது நல்ல தீர்வு, ஏனெனில் நடுவில் தாங்கல் வந்தால் கட்டையின் வளைவுச் சுமை நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் உங்கள் 15 அடிக்கு 150 மி.மீ. பீம் போதாது, அளவை நேரில் பார்ப்பவர் கணக்கிட்டே சொல்ல வேண்டும். முனை உளுத்திருந்தால் நடுவில் போடும் பீம் அதைக் காப்பாற்றாது. அங்கே முதலில் முட்டுக் கொடுத்து, உளுத்த பகுதியை வெட்டி நீக்கி, கட்டையின் இரு பக்கமும் சி-சேனல் (‘C’ வடிவ இரும்புச் சட்டம்) வைத்து நல்ல மரத்தில் போல்ட்டு முடுக்கி, அந்தச் சேனலைச் சுவருக்குள் உட்கார வைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நூல் பிடித்துப் பார்த்தோம். மூன்று கட்டைகளும் நேராகவே இருக்கின்றன, மேற்குச் சுவர் முனைகள்தாம் இறங்கியுள்ளன. ஒன்றில் திருப்புளி கைப்பிடிவரை போயிற்று. அதே இடத்துக்கு வெளியே மழைநீர்க் குழாய் உடைந்து, சுவர் பச்சை பிடித்துக் கிடக்கிறது. தொட்டியைக் காலி செய்துவிட்டோம். முட்டுக் கொடுக்க நாளை ஆள் வருகிறார். குழாயை மாற்றிய பிறகே கட்டையில் கை வைப்பதாக இருக்கிறோம்.