சிவப்பு லாகர் பிடித்துப்போனால் அதிலேயே இருந்துவிடலாமா?

செந்நுரை:

வணக்கம் நண்பர்களே. பீரில் எனக்கு மிகவும் பிடித்தது சிவப்பு லாகர். வெளிர் லாகர், கோதுமை பீர், ஸ்டவுட், கசப்பு தூக்கலான ஐபிஏ என்று எல்லாம் குடித்திருக்கிறேன், எதையும் மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு மாலையில் ஒரே ஒரு கிளாஸ்தான் என்றால் நான் கேட்பது இந்தச் செம்பு நிறத்தைத்தான். மூக்கருகே கொண்டுபோகும்போதே நன்றாகச் சிவந்து வெந்த ரொட்டியின் மேலோட்டு வாசனை வரும். முதல் மிடறில் லேசாக இனிப்பு தட்டும், திகட்டிவிடுமோ என்று நினைப்பதற்குள் கசப்பு வந்து அதை ஓரம் தள்ளிவிடும், விழுங்கிய பிறகு நாக்கில் பிசுபிசுப்பு எதுவும் நிற்காது. எனக்கு இது போதும்.

ஆனால் சேர்ந்து குடிக்கும் நண்பர்கள் விடுவதில்லை. சாதாரண லாகரில் நிறம் ஏற்றி விற்கிறார்கள், நீ கண்ணால் குடிக்கிறாய் என்கிறார் ஒருவர். இன்னொருவர், இதெல்லாம் ஆரம்பத்தில் குடிப்பது, ருசி வளர வளரத் தாண்டிப் போய்விட வேண்டும் என்கிறார். எனக்குக் கோபம் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. அந்த ருசி எங்கிருந்து வருகிறது? வியன்னா லாகர், ஆம்பர் லாகர், ஐரிஷ் ரெட் என்று லேபிளில் ஆளுக்கொரு பெயர் போடுகிறார்களே, எல்லாம் ஒன்றா? அப்புறம், அதே பீர் ஒரு நாள் அபாரமாகவும் இன்னொரு நாள் வெறும் குளிர்ந்த தண்ணீராகவும் இருப்பது ஏன்?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மால்ட்மூட்டை:

நான் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறவன், அதனால் முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உங்களுக்குப் பிடித்த அந்த ரொட்டி மேலோட்டு வாசனை கற்பனை இல்லை. பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, சூடான காற்றில் காயவைத்தால் மால்ட். எந்தச் சூட்டில் காயவைக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வெளிர் லாகருக்குப் போகும் பில்ஸ்னர் மால்ட்டைக் கடைசிக் கட்டத்தில் சுமார் 80 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரைதான் சூடேற்றுவார்கள். வியன்னா மால்ட் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், மியூனிக் மால்ட் 100 டிகிரியை ஒட்டிப் போகும். அந்தச் சூட்டில் தானியத்துக்குள் இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலமும் வினைபுரிந்து மெலனாய்டின் என்ற பொருள்கள் உருவாகின்றன. மெய்லார்டு வினை என்று இதற்குப் பெயர், ரொட்டியின் மேல்பக்கம் சிவப்பதும் இதே வினையால்தான். நிறமும் வாசனையும் ஒரே சமயத்தில் ஒரே காரணத்தால் பிறக்கின்றன. ஆகவே, ஒழுங்காகச் செய்த சிவப்பு லாகரில் நிறம் என்பது ருசியின் அடையாளம்.

கேரமல் மால்ட் வேறு கணக்கு. அதை ஈரமாக இருக்கும்போதே சூடாக்குவதால் தானியத்துக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாகி, பிறகு வறுபடும்போது இறுகிவிடும். அதில் ஒரு பகுதியை, சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரால் தின்ன முடியாது, இனிப்பாகவே பீரில் தங்கிவிடும். அளவாகப் போட்டால் அழகு, அதிகமானால் நீங்கள் சொன்ன திகட்டல்.

உங்கள் நண்பர் சொல்வதை முழுக்கத் தள்ளவும் முடியாது. வெளிர் லாகரில் துளியளவு கருக வறுத்த மால்ட்டைச் சேர்த்தால் ருசி அதிகம் மாறாமல் நிறம் மட்டும் சிவக்கும். இ150 வகைக் கேரமல் நிறமி சேர்ப்பதும் உண்டு. அப்படிப்பட்ட சரக்கும் கடையில் சிவப்பாகத்தான் நிற்கும். பாட்டிலைப் பார்த்து எது எதென்று சொல்லிவிட முடியாது, குடித்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, நிறம் அடர்த்தியாக இருந்தால் போதையும் அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். சம்பந்தமே இல்லை. வியன்னா லாகர் பெரும்பாலும் 4.7 முதல் 5.5 சதவீதத்துக்குள் இருக்கும், கறுப்பாக நிற்கும் கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம்தான்.

---

பழங்கிடங்கு:

பெயர்க் குழப்பத்துக்கு நான் வருகிறேன். எனக்கு இந்தக் கதையில் ஆர்வம் அதிகம், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1830களில் வியன்னாவைச் சேர்ந்த ஆன்டன் டிரேயரும் மியூனிக்கின் காப்ரியேல் செடல்மாயரும் பிரிட்டனுக்குப் போய் அங்கே பீர் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார்கள். அங்கே மால்ட்டை நேரடிப் புகை படாமல் சூடான காற்றில் காயவைக்கும் முறை முன்னேறியிருந்தது, அதனால் புகை நாற்றம் இல்லாத, ஒரே சீரான மால்ட் கிடைத்தது. ஊர் திரும்பிய டிரேயர் அந்த மால்ட் முறையையும் குளிரில் நொதிக்கும் லாகர் ஈஸ்ட்டையும் சேர்த்து, வியன்னாவை ஒட்டிய ஷ்வெகாட்டில் 1841இல் ஒரு செம்பு நிற லாகரை வெளியிட்டார். இதுதான் வியன்னா லாகர். அடுத்த ஆண்டே, 1842இல், பில்சன் நகரில் யோசப் கிரோல் பொன்னிற லாகரைக் கொண்டுவந்தார், பிறகு உலகம் முழுக்க மஞ்சள்தான். அதாவது உங்கள் சிவப்பு லாகர் மஞ்சள் லாகருக்கு நிறம் பூசி வந்த பின்வரவு இல்லை, ஒரு வருடம் மூத்தது. நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆஸ்திரியாவில் அது தேய்ந்துபோனாலும் மெக்சிகோவில் பிழைத்துக்கொண்டது, அங்கே குடியேறிய ஜெர்மன் மொழிக்காரர்கள் அதைக் கொண்டுபோனார்கள். டோஸ் எக்கிஸ் ஆம்பர், நெக்ரா மொடேலோ இரண்டும் அந்த வழியில் வந்தவை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள், இன்றைக்கு அவை அசலைவிட மென்மையாக இருந்தாலும். அமெரிக்காவில் 1980களில் சிறிய ஆலைகள் கிளம்பியபோது சாமுவேல் ஆடம்ஸ் பாஸ்டன் லாகர், புரூக்ளின் லாகர் இரண்டும் இதே குடும்பத்தைத்தான் கையில் எடுத்தன.

இதைவிடப் பழைய சிவப்பும் இருக்கிறது. ஜெர்மனியின் நூரன்பர்க் நகரில் ரோட்பியர் என்று ஒன்று, நகரத்துக்கு அடியில் பாறையைக் குடைந்த கிடங்குகளில் குளிர வைத்து முதிர்த்தது. அந்தக் கிடங்குகளைப் பற்றிய குறிப்பு 1380ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இருக்கிறது. இன்றும் அங்கே ரோட்பியர் தயாரிக்கிறார்கள்.

ஐரிஷ் ரெட் தனி. அது முறைப்படி ஏல், அதாவது கொஞ்சம் வெதுவெதுப்பில் வேறு ஈஸ்ட்டால் நொதிப்பது. குழப்பம் எங்கே வந்தது என்றால், கில்லியன்ஸ் ஐரிஷ் ரெட் என்ற பெயரில் கூர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் 1981 முதல் விற்றுவருவது லாகர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த, அயர்லாந்தின் எனிஸ்கார்த்தி ஊர் ஆலை 1956லேயே மூடப்பட்டுவிட்டது, உரிமம் வாங்கிப் பிரான்ஸில் தயாரித்தது ஏல். கில்லியன் என்ற ஒரே பெயர் ஓரிடத்தில் ஏல், இன்னோரிடத்தில் லாகர்! ஆகவே பெயரை விட்டுவிட்டு, லாகரா ஏலா என்பதை மட்டும் லேபிளில் தேடிப் பாருங்கள்.

---

கசப்புக்கட்சி:

எனக்குச் சிவப்பு லாகர் பிடிக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேரமல் இனிப்பு எனக்கு ஒத்துவராது, எனக்கு ஹாப்ஸ் பூக்கள் தரும் நல்ல கசப்போடு வறண்டு முடிகிற பில்ஸ்னர் என்ற வெளிர் லாகர்தான் வேண்டும். ஆனாலும் அந்த இரண்டாவது நண்பர் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ருசிக்கு ஏது படிக்கட்டு? கசப்பு அதிகமானதும் போதை அதிகமானதும் மேல் படி, மென்மையானது கீழ்ப் படி என்று யார் வைத்தது?

லாகர் என்றால் எளிது என்று நினைப்பதும் சரியில்லை. லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரியில் மெதுவாக வேலை செய்யும், அதற்குப் பிறகு உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். பழவாசனையோ ஹாப்ஸ் வெள்ளமோ இல்லாத இடத்தில் சின்னக் கோளாறுகூட மூக்குக்குத் தெரிந்துவிடும், வெண்ணெய் வாடை அடித்தால் அதை மறைக்க அங்கே எதுவும் கிடையாது. அந்த ஈஸ்ட்டே இரண்டு இனங்களின் கலப்பு, அதில் ஒரு பெற்றோரை 2011இல்தான் தென் அமெரிக்காவில் பட்டகோனியாவின் காடுகளில் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு விஷயம் உள்ள ஒன்றை ஆரம்பக்காரர் பானம் என்று ஒதுக்குவது அநியாயம்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்ததை விட வேண்டாம், ஆனால் அதன் பக்கத்து வீட்டுக்காரர்களையும் குடித்துப் பாருங்கள். செக் நாட்டில் போலோட்மாவே என்று ஒரு அரைக்கறுப்பு லாகர் இருக்கிறது, சிவப்புக்கு உரிய மால்ட் வாசனையும் இருக்கும், எனக்குப் பிடித்த ஹாப்ஸும் இருக்கும். மேர்ட்சன் என்ற ஜெர்மன் லாகரின் பழைய செம்பு நிற வகை கிடைத்தால் அதுவும். அதையெல்லாம் குடித்த பிறகும் உங்கள் பழைய பாட்டிலுக்கே திரும்பினால், எது உங்களை இழுக்கிறது, இனிப்பா, வறுவல் வாசனையா, முடிவில் வரும் அந்தச் சுத்தமா என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்துவிடும்.

---

பதக்குளிர்:

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமானது.

வெறும் குளிர்ந்த தண்ணீராக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், பதில் அதிலேயே இருக்கிறது. 2, 3 டிகிரியில் எடுத்துக் குடித்தால் வாசனை கிளம்பாது, நாக்குக்கு இனிப்பும் குறைவாகத்தான் தெரியும், மீதி இருப்பது வாயுவும் கசப்பும் மட்டும். வெளிர் லாகருக்கு அந்தக் குளிர் பொருந்தலாம். மால்ட்டை நம்பி நிற்கும் சிவப்புக்கு 7 முதல் 10 டிகிரி வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் மேசைமேல் வைத்துவிட்டு ஊற்றுங்கள், அவசரமே வேண்டாம். பாட்டிலோடு குடிக்கவும் வேண்டாம், அதில் மூக்குக்கு வேலையே இல்லை. கிளாஸைச் சாய்த்துப் பாதி ஊற்றி, நிமிர்த்தி மீதியை நடுவில் விட்டால் இரண்டு விரல் நுரை நிற்கும், வாசனை அந்த நுரை வழியாகத்தான் மேலே வருகிறது. கிளாஸில் சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை உடனே அமுங்கிவிடும், அதனால் நன்றாக அலசிக் காற்றிலேயே உலரவிடுங்கள்.

அடுத்தது பழசா புதுசா என்பது. பீர் சூட்டில் கிடந்தால் கெட்டுப்போய் உடம்பைப் படுத்தாது, ஆனால் ருசி செத்துப்போகும். ஆக்ஸிஜன் பட்ட பீரில் ஈர அட்டை வாடை வரும். சிவப்பு லாகரில் இதைக் கண்டுபிடிப்பது சிரமம், ஏனென்றால் முதலில் ஒரு தேன் மாதிரியான மந்த இனிப்பாகத் தலைகாட்டும், பலர் அதை மால்ட் என்றே நினைத்துக்கொள்வார்கள். தயாரித்த தேதியைப் பாருங்கள், எவ்வளவு புதுசோ அவ்வளவு நல்லது. கடையில் வெயில் படும் இடத்தில் அடுக்கியிருந்தால் தொடவே வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு கந்தக நாற்றம் உண்டாகும், பச்சைப் பாட்டிலும் நிறமில்லாத பாட்டிலும் அதைத் தடுக்காது. பழுப்புப் பாட்டில் ஓரளவு தடுக்கும், டின் முழுக்கத் தடுக்கும். டின் என்றால் மட்டம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது, இந்த வகைக்கு நான் டின்னைத்தான் எடுப்பேன்.

---

செந்நுரை:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. பதக்குளிர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது, வீட்டில் கிளாஸில் நிதானமாகக் குடிப்பதுதான் எப்போதும் நன்றாக இருக்கிறது, வெளியே கூட்டத்தில் பனிக்கட்டி வாளியிலிருந்து எடுத்துத் தருவது எப்போதுமே சப்பென்று இருக்கும். பழங்கிடங்கு எழுதிய டிரேயர் கதையைக் குடிக்கும்போது நினைத்துக்கொள்வேன். கசப்புக்கட்சி, போலோட்மாவே கிடைத்தால் கட்டாயம் வாங்குவேன்.

மால்ட்மூட்டை அவர்களிடம் இன்னொரு கேள்வி. நிறத்தைப் பார்த்துக் குடிக்கிறேனா, ருசியில் குடிக்கிறேனா என்று நானே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?

---

மால்ட்மூட்டை:

இருக்கிறது, செலவும் இல்லை. உள்ளே இருக்கும் பீரின் நிறம் தெரியாத மூன்று கோப்பை எடுங்கள், வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். வேறொருவர் இரண்டில் ஒரே பீரையும் ஒன்றில் வேறு பீரையும் ஊற்றித் தரட்டும், எது எங்கே என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. ஒற்றையாக நிற்பது எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். பீர் ஆலைகளிலும் இதே முறைதான், முக்கோணச் சோதனை என்பார்கள். சும்மா ஊகித்துச் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வந்துவிடும் என்பதால், ஒரு தடவையோடு நிறுத்தாமல் வேறு வேறு நாளில் செய்து பாருங்கள். கோப்பைக்கு இரண்டு மிடறு போதும். மூன்றும் ஒரே குளிரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு குளிரின் வித்தியாசத்தைத்தான் பிடிக்கும், நடுநடுவே சாதாரணத் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் சிவப்பு லாகரையும் அதே ஆலையின் வெளிர் லாகரையும் வைத்துச் செய்யுங்கள். நீங்கள் வர்ணித்த விதத்தைப் பார்த்தால் சரியாகப் பிரித்துவிடுவீர்கள் என்றே நினைக்கிறேன். சாயம் என்று சொன்ன அந்த நண்பரையே ஊற்றித் தரச் சொல்லுங்கள், அப்புறம் கோப்பையை மாற்றி அவரையும் குடிக்கச் சொல்லுங்கள்.