பிள்ளைங்க லேப்டாப்பில் வயசு கேட்கும் பொறுப்பு யாருக்கு?

ஐந்துரோடு சர்வீஸ்:
சேலத்தில் எங்க கடையில் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 அல்லது லினக்ஸ் மின்ட் ஏற்றி விற்கிறோம். ஏற்காடு ஹாஸ்டலில் படிக்கும் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் வாங்கிட்டுப் போறாங்க. கலிஃபோர்னியாவில் ஓஎஸ்ஸே (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி இயங்குதளமே) வயசு கேட்கணும்னு சட்டம் வந்திருக்கு. ஓஎஸ் ஏற்றித் தரும் கடைக்கும் அதில் பொறுப்பு உண்டுங்களா?

மணக்காடு வக்கீல்:
அது ஏபி 1043. 2025 அக்டோபரில் கையெழுத்தாச்சு, 2027 ஜனவரி 1 முதல் அமல். கணக்கு தொடங்கும்போது ஓஎஸ் பிறந்த தேதியோ வயசோ கேட்கணும். ஆப் கேட்டால் 13க்குக் கீழ், 13–15, 16–17, 18ம் அதற்கு மேலும் என்று எந்தப் பிரிவு என்பதை மட்டும் சொல்லணும். அடையாள அட்டை தேவையில்லை, சொன்னதுதான் வயசு. கவனக்குறைவுக்கு ஒரு பிள்ளைக்கு 2,500 டாலர் வரை, வேண்டுமென்றே மீறினால் 7,500 வரை அபராதம். சேலத்துக் கடையில் சேலத்துக்காரருக்கு விற்பதை அது தொடாதுங்க.

நம்ம ஊருக்கு டிபிடிபி சட்டம் 2023, அதாவது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 9ஆம் பிரிவுப்படி 18 வயசுக்குக் கீழே உள்ளவரின் தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேணும். தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. இந்தக் கடமை 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும். பொறுப்பு, தரவை எதுக்கு, எப்படிக் கையாள்வதுன்னு தீர்மானிப்பவருக்கு. ஓஎஸ்ஸை ஏற்றிக் கொடுத்ததால் மட்டும் நீங்க அந்த இடத்துக்கு வந்துட மாட்டீங்க. பிள்ளையின் பெயர், பிறந்த தேதியை உங்க கடைக் கம்ப்யூட்டரில் சேமிச்சா கதை வேற.

செவ்வாய்ப்பேட்டை டெக்:
சட்டத்தை விடப் பெரிய தப்பு கடையிலேயே நடக்குது. செட்டப் சீக்கிரம் முடியட்டும்னு 1-1-1990 போட்டுக் கணக்கைத் திறந்து கொடுக்கிறாங்க. அப்புறம் அந்த மெஷினுக்குப் பிள்ளை பெரியவர்தான். தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க, கணக்கைப் பெற்றோரே திறக்கட்டும்.

விண்டோஸில் முதல் திரையில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்3 அழுத்தினால் ஆடிட் மோட், அதாவது கணக்கு திறக்காமலே உள்ளே போய் வேலை பார்க்கும் நிலை. டிரைவர் எல்லாம் போட்டுட்டு, சிஸ்பிரெப்பில் (மெஷினை அடுத்தவருக்குத் தயார்படுத்தும் விண்டோஸ் கருவி) ஓஓபிஇ (மறுபடி முதல் செட்டப் திரை வர), ஜெனரலைஸ் (அந்த மெஷினுக்கே உரிய அடையாளங்களை நீக்க), ஷட்டவுன் கொடுங்க. ஆடிட் மோடில் நெட்டை இணைக்காதீங்க. ஸ்டோர் ஆப் தானா அப்டேட் ஆச்சுன்னா சிஸ்பிரெப் எரர் அடிக்கும்.

மின்ட்டில் பூட் மெனுவிலேயே ஓஇஎம் இன்ஸ்டால் (வாங்குபவரே கணக்கு திறக்கும்படி விற்பவர் ஏற்றித் தரும் முறை) இருக்கு. வேலை முடிஞ்சதும் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷிப்பிங் ஐகானை அழுத்திட்டு அணைச்சிடுங்க. அதை மறந்தா தற்காலிக ஓஇஎம் கணக்கோடவே லேப்டாப் வீட்டுக்குப் போகும்.

ஐந்துரோடு சர்வீஸ்:
பிள்ளைக்குத் தனிக் கணக்கு போட்டாப் போதுமாண்ணா?

செவ்வாய்ப்பேட்டை டெக்:
அட்மின் உரிமை பெற்றோர்கிட்ட, பிள்ளைக்குச் சாதாரணக் கணக்கு. பயாஸுக்கும் (ஓஎஸ்ஸுக்கு முன்னாடி ஓடும் மெஷின் அமைப்பு) பாஸ்வேர்டு போட்டு, யூஎஸ்பியிலிருந்து மெஷின் பூட் ஆவதை அடைச்சிடுங்க. இல்லேன்னா ஒரு லைவ் பென்டிரைவ் (அதிலிருந்தே ஓடும் ஓஎஸ் உள்ளது) சொருகினா அத்தனைக் கட்டுப்பாடும் ஓரமாப் போயிடும். செக்யூர் பூட் (கையெழுத்திடாத ஓஎஸ்ஸை உள்ளே விடாத வசதி) இதைத் தடுக்காது, கையெழுத்திட்ட லினக்ஸை அது தாராளமா உள்ளே விடும். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுங்க, பையில் வைக்காதீங்க.