மேட்டில் வண்டி தள்ளினால் அப்பாவுக்குத் தலைவலி, உட்கார்ந்தால் போய்விடுகிறது. யாருக்காவது இப்படி?

குலைக்காரர் மகன்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 59 வயது, செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுகிற வேலை. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது, சிகரெட்டை மூன்று வருஷத்துக்கு முன்பு விட்டார் (விட்டதாகச் சொல்கிறார்).

நாலு மாதமாக ஒரு தலைவலி. வெட்டிய குலைகளை ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்றி மேட்டில் தள்ளிக்கொண்டு ரோட்டோரம் கொண்டுவர வேண்டும், பாதி மேடு ஏறுவதற்குள் பிடரியில் தொடங்கி உச்சிக்கு ஏறி நெற்றியை அழுத்துகிறதாம். போன ஞாயிற்றுக்கிழமை உதவிக்குப் போனபோது நானே பார்த்தேன். வண்டியை விட்டுவிட்டு ஒரு மரத்தடியில் குந்தி, இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார், முகமெல்லாம் வேர்வை. கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏழு நிமிஷம். எழுந்து ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டியைத் தூக்கிவிட்டார். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டால் "நெஞ்சுக்கு என்னடா, தலைதான்" என்கிறார்.

வெயில் என்று நினைத்தேன். ஆனால் தைப்பூசத்துக்குப் பத்துமலை போனபோது விடியற்காலை நாலு மணி, 272 படியில் பாதியைத் தாண்டவில்லை, அங்கேயும் இதே தலைவலி வந்து உட்கார்ந்துவிட்டார். டவுனில் ஒரு கிளினிக்கில் படுக்க வைத்து ஈசிஜி எடுத்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள், வலி மாத்திரை கொடுத்தார்கள். அக்காவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, அவளுடைய மாத்திரையில் ஒன்று கொடுத்துப் பார்க்கலாம் என்கிறாள். கொடுக்கலாமா?

கம்பத்து மாமா:
தம்பி, தண்ணீர் பத்தாது, அவ்வளவுதான். நானும் இருபது வருஷம் குலை வெட்டியவன். காலையில் ஒரு கோப்பியோடு போனால் பத்து மணிக்குத் தலை பிளக்கும். உப்புப் போட்ட தண்ணீர் கொண்டுபோகச் சொல், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல், பிடரியில் கோடாலி தைலம் தடவு. இதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்க வேண்டியதுதான்.

பழைய டிரெஸ்ஸர்:
தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, முதலில் அக்காவின் மாத்திரையைக் கொடுக்காதே. மற்றதெல்லாம் அப்புறம்.

ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கிற சுமாட்ரிப்டான் வகை மாத்திரைகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். தலையில் மட்டும் என்றில்லை, இதயக் குழாயும் சுருங்கும். அதில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் நாமே போய் இறுக்கிப் பிடித்த கதையாகிவிடும். இதய அடைப்பு உள்ளவர்களுக்கு அது கூடவே கூடாது. எர்கோட்டமின் சேர்ந்த பழைய மாத்திரைகளுக்கும் இதே பேச்சுத்தான்.

நீ சொன்னதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஏழு நிமிஷம். உடம்பை வருத்தினால் வருகிறது, நிறுத்தினால் போகிறது, மறுபடி வருத்தினால் மறுபடி வருகிறது. இதயத்துக்கு ரத்தம் பத்தாமல் வருகிற நெஞ்சுவலி அப்படியே இந்த நடையில்தான் வரும். சிலருக்கு அதே காரணத்துக்கு நெஞ்சு வலிக்காமல் தலை வலிக்கும். அபூர்வம்தான், ஆனால் உண்டு. 1997ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் சிலர் இதற்குத் தனிப் பெயர் வைத்து எழுதினார்கள், இன்றைக்கு உலகத் தலைவலிப் பட்டியலில் இதயத் தலைவலி என்று தனி எண்ணோடு இருக்கிறது.

தலைக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மாரடைப்பில் இடது கை வலிக்கிறது, தாடை வலிக்கிறது, கையிலா அடைப்பு? இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் முகம், தலை, பிடரியிலிருந்து வரும் நரம்புகளும் கழுத்தின் மேல்பகுதியில் ஒரே சந்திப்பில் போய்ச் சேர்கின்றன, மூளை முகவரியை மாற்றிப் படித்துவிடுகிறது. இதயம் சரியாகப் பம்ப் அடிக்காத நேரத்தில் தலையிலிருந்து இறங்க வேண்டிய ரத்தம் தேங்கி உள்ளே அழுத்தம் கூடுவதாலும் வரலாம் என்கிறார்கள். இதயம் தவிக்கும்போது சுரக்கிற ரசாயனங்கள் தலைக் குழாய்களை விரிக்கலாம் என்றும் சொல்கிறார்கள். இதுதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை.

படுக்க வைத்து எடுத்த ஈசிஜியை நம்பி உட்காராதே. வண்டியை நிறுத்திவைத்து எஞ்சின் சத்தம் கேட்டால் மேட்டில் இழுக்குமா என்று தெரியுமா? ஓட வைத்து எடுக்கிற டிரெட்மில் ஈசிஜி வேண்டும். அதோடு இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி உணர்த்துகிற நரம்பே மங்கிப்போய் இருக்கலாம், அப்போது அடைப்பு இருந்தும் நெஞ்சு சும்மா கிடக்கும். அப்பா "நெஞ்சுக்கு என்னடா" என்பது எனக்கு ஆறுதலாகப் படவில்லை.

ஈப்போ மிஸ்ஸி (நர்ஸ்):
டிரெஸ்ஸர் ஐயா சொன்னது சரி, ஆனால் தம்பி பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை செய்யும்போது வருகிற தலைவலி எல்லாம் இதயம் இல்லை. பிரஷர் ஏறினால் வரும், கழுத்துத் தேய்மானத்தில் வரும், மாமா சொன்ன மாதிரி தண்ணீர் குறைந்தாலும் வரும். மூளை ஸ்கேன் எடுக்க வேண்டிய வகையும் உண்டு, இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகிற வலி அது. அப்படி வந்தால் வீட்டில் ஆஸ்பிரின் போடாமல் நேராக அவசரப் பிரிவு, உள்ளே ரத்தக் கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். உங்கள் அப்பாவுக்கு 50க்கு மேல் புதிதாகத் தொடங்கியிருக்கிறது, இனிப்பு நீரும் பிரஷரும் சிகரெட்டும் சேர்ந்திருக்கிறது, அதனால் இதயத்தை முதலில் பாருங்கள்.

கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கக் கிளினிக்) ஒரு ரிங்கிட்தான். அங்கே போய் வெறுமனே தலைவலி என்று சொன்னால் பாரசிட்டமால்தான் கையில் கிடைக்கும். "சாக்கிட் கெப்பாலா பிலா புவாட் கெர்ஜா பெராட், ஹிலாங் பிலா ரேஹாட்" (கடினமான வேலை செய்தால் தலைவலி, ஓய்வெடுத்தால் போய்விடுகிறது) என்று முழுசாகச் சொல்லுங்கள். அப்பாவைப் பேச விட்டால் "சிக்கிட் சாஜா டாக்டர்" (கொஞ்சம்தான் டாக்டர்) என்று முடித்துவிடுவார், நம்ம ஆண்கள் எல்லாரும் இப்படித்தான், நீங்களும் கூடப் போங்கள். 40 வயது தாண்டிய பி40 (குறைந்த வருமான) குடும்பத்தாருக்குப் பெக்கா பி40 இலவசப் பரிசோதனை இருக்கிறது, அதையும் கேளுங்கள். உட்கார்ந்த பிறகும் வலி போகவில்லை, மூச்சு வாங்குகிறது, குளிர்ந்த வேர்வை, வாந்தி என்றால் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள், 999க்கு அடித்து ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

குலைக்காரர் மகன்:
நன்றி ஐயா, நன்றி மிஸ்ஸி அக்கா. என் அக்காவின் மாத்திரைப் பட்டையை நானே எடுத்து ஒளித்துவிட்டேன். இன்னொரு சந்தேகம். பக்கத்து லயத்து (தோட்டத்து வீட்டு வரிசை) தாத்தாவுக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற இதய மாத்திரை இருக்கிறது. தலைவலி வரும்போது ஒன்று வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே?

பழைய டிரெஸ்ஸர்:
புத்திசாலித்தனமான கேள்வி, ஆனால் வேண்டாம். அந்த மாத்திரை நிறையப் பேருக்குத் தலைவலியைக் கொண்டுவரும், இதயத் தலைவலிக்காரனுக்கு மட்டும் தலைவலியைப் போக்கும். வேடிக்கைதான், டாக்டர்கள் இதை ஒரு துப்பாகவே வைத்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று பிரஷர் பார்த்துக்கொண்டு கொடுப்பார்கள். மேட்டு நடுவில் பிரஷர் சரிந்து அப்பா மயங்கினால் நீ என்ன செய்வாய்?

இன்னொன்று, சங்கடப்படாமல் அப்பாவிடம் தனியாகக் கேள். ஆம்பிளைக் கோப்பி என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, சிலவற்றில் சில்டெனஃபில் (வயாகராவில் உள்ள மருந்து) கலந்திருந்து சுகாதார அமைச்சு பிடித்திருக்கிறது. அந்த மருந்தும் நாக்கு மாத்திரையும் உடம்பில் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும். குடித்திருந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கம்பத்து மாமா:
கோப்பி விஷயத்தை எதற்கு இங்கே இழுக்கிறீர்கள் 😅 சரி சரி. தம்பி, எதற்கும் போய்க் காட்டிவிடு. நான் தண்ணீர் என்று சொன்னது என் தலைக்கு.

குலைக்காரர் மகன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மிஸ்ஸி அக்கா சொன்ன மலாய் வரியைக் கிளினிக்கில் அப்படியே சொன்னேன், டாக்டர் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். நேற்று டிரெட்மில். நாலாவது நிமிஷத்தில் அப்பா கை பிடரிக்குப் போனது, ஈசிஜித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அங்குள்ள மிஸ்ஸி உடனே நிறுத்திவிட்டார். ஈசிஜிக் கோடு இறங்கிப் போயிருந்ததாம், வலியும் கோடும் ஒன்றாகவே வந்து ஒன்றாகவே போனது என்று டாக்டர் காட்டினார். அடுத்த வாரம் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோ (இதயக் குழாய்ப் படம்) பார்க்கப் போகிறார்கள், அடைப்பின் அளவைப் பார்த்து ஸ்டெண்டா பைபாஸா என்று சொல்வார்களாம்.

அதுவரை வண்டி தள்ளக் கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பியும் கேட்டேன். இரண்டு தடவை என்றார், அம்மா அடுப்படியில் இருந்ததால் சத்தமில்லாமல் விரலைக் காட்டினார்.