உள்வலைத் தளம் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருந்தபோது

எங்கள் அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பத்துக்கும் சம்பளச் சீட்டுக்குமான உள்வலைத் தளம் (நிறுவனத்துக்குள் மட்டும் இயங்கும் இணையதளம்) புதிய முகவரிக்கு மாறிய நாளிலிருந்து, விண்டோஸில் ஏற்கெனவே உள்நுழைந்திருந்தவர்களிடமும் அது பாஸ்வேர்டு கேட்கத் தொடங்கியது. பிரவுசரின் பாதுகாப்பு அளவையே குறைத்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். கணினிப் பிரிவில் இருக்கும் நான் அதற்கு இசையவில்லை.

காரணம், புள்ளிகளோடு அமைந்த அந்தப் புதிய முகவரியில்தான் இருந்தது. விண்டோஸ் இணையதளங்களை இன்டர்நெட், உள்வலை, நம்பகமானவை, தடைசெய்யப்பட்டவை என நான்கு மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. புள்ளியில்லாத ஒற்றைப் பெயரை அது பொதுவாக உள்வலையாக ஏற்றுக்கொள்ளும். டொமைனோடு (நிறுவனத்தின் இணையப் பெயரோடு) சேர்ந்து புள்ளிகள் வரும் பெயரையும், எண்களால் ஆன ஐபி முகவரியையும், அந்த சர்வர் அடுத்த அறையிலேயே இருந்தாலும், வேறு அமைப்பு எதுவும் செய்யாதவரை இன்டர்நெட் மண்டலத்தில்தான் வைக்கும். பயனரின் விண்டோஸ் உள்நுழைவைத் தானாக அனுப்பும் வசதியோ, இயல்பாக உள்வலை மண்டலத்துக்கு மட்டுமே உண்டு.

ஆகவே விண்டோஸின் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ் என்ற அமைப்புப் பெட்டியில் செக்யூரிட்டி பகுதிக்குச் சென்று, லோக்கல் இன்ட்ராநெட்டின், அதாவது உள்வலை மண்டலத்தின், தளப் பட்டியலில் அந்த ஒரு முகவரியை மட்டும் சேர்த்தேன். குரோமும் எட்ஜும் இதே பட்டியலைப் பார்ப்பதால், இரண்டிலும் பக்கம் உடனே திறந்தது. 2022 ஜூனில் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஆதரவு முடிந்த பிறகும் இந்தப் பழைய பெட்டி இன்னும் வேலை செய்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பின்னர், பல கணினிகளின் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து மாற்ற உதவும் குரூப் பாலிசியில் அதே முகவரிக்கு உள்வலையைக் குறிக்கும் 1 என்ற எண்ணைக் கொடுத்து, எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பினோம்.

இன்டர்நெட் மண்டலத்திலேயே தானியங்கி உள்நுழைவை அனுமதித்திருந்தால், முன்பின் அறியாத தளமும் நம் பாஸ்வேர்டிலிருந்து உருவாகும் என்டிஎல்எம் (விண்டோஸின் ஓர் உள்நுழைவு முறை) பதிலைக் கேட்டுப் பெற்று, அதை வைத்துப் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க முயன்றிருக்க முடியும். நான் மறுத்தது இதற்காகத்தான்.

இன்னொரு உறுப்பினர்:

இதே சிக்கலை நானும் சந்தித்தேன். ஆனால் எங்கள் குழுவில் பலர் பயன்படுத்துவது ஃபயர்ஃபாக்ஸ். அது இயல்பாக இந்த மண்டலங்களைப் பார்ப்பதில்லை என்பதால், அதன் உள்ளமைப்புப் பக்கத்தில் நம்பகமான முகவரிகளுக்கென உள்ள இடத்தில் எங்கள் சர்வரின் பெயரைத் தனியாக எழுத வேண்டியிருந்தது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை நம்ப முடியவில்லை என்ற எச்சரிக்கையும் வந்தது. ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிச் செல்லும் பழக்கம் ஊழியர்களிடம் வேரூன்றுவதை நான் விரும்பவில்லை. அந்தச் சான்றிதழை நம்புவதற்கு அடிப்படையான எங்கள் நிறுவனத்தின் ரூட் சான்றிதழைக் கணினிகளில் நிறுவியதும் எச்சரிக்கை நின்றது.