லிரியோப்பி: நடைபாதை ஓரத்துக்கு எந்த வகை, எத்தனை செடி?

கேள்வி:
இடம் அட்லாண்டா பக்கம், சிவப்புக் களிமண். நடைபாதையின் ஒரு பக்கம் 40 அடிக்கு, புல் போன்ற இலை கொண்ட லிரியோப்பிச் செடி வரிசை வைக்க வேண்டும். பாதி தூரம் ஓக் மர நிழல், மீதியில் பிற்பகல் வெயில். அதை ஒட்டியே புல்தரை. நர்சரியில் 'மங்கி கிராஸ்' என்று மட்டும் சீட்டு இருக்கிறது. எதை வாங்குவது, எத்தனை, எப்போது வெட்டிவிடுவது? ஏற்கெனவே உள்ள மூன்று தூர்களில் உள் இலைகள் அடியிலிருந்து மஞ்சளாகின்றன. தண்ணீர் போதவில்லையா?

பதில் 1:
புல்தரை பக்கத்திலேயே இருப்பதால் முதலில் வகையைப் பாருங்கள். மங்கி கிராஸ் என்று மூன்று செடிகளை விற்கிறார்கள், மூன்றுமே புல் இல்லை, அஸ்பாரகஸ் குடும்பம். லிரியோப்பி மஸ்காரி தூர் கட்டி நின்ற இடத்திலேயே பெருக்கும். லிரியோப்பி ஸ்பிகேட்டா மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிக் கோரை மாதிரிப் பரவும். மாண்டோ கிராஸுக்கு இலை இன்னும் மெலிசு, பூ இலைக்குள் மறைந்திருக்கும், காய் நீலம். லிரியோப்பியின் காய் கறுப்பு.

ஸ்பிகேட்டா புல்தரைக்குள் புகுந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. இலை வழுவழுப்பாக இருப்பதால் களைக்கொல்லியும் சரியாக ஏறாது. புல் வெட்டுவதற்குச் சிரமமான சரிவுக்குத்தான் அது நல்லது. வாங்குமுன் தொட்டியிலிருந்து செடியை உருவிப் பாருங்கள்: வேர்களோடு வெள்ளைத் தண்டுகள் தொட்டிச் சுவரைச் சுற்றி ஓடியிருந்தால் அது ஸ்பிகேட்டா. உங்களுக்கு மஸ்காரியில் 'பிக் புளூ' போதும், வெயிலும் நிழலும் தாங்கும்.

பதில் 2:
ஒற்றை வரிசை, 12 அங்குல இடைவெளி என்றால் 41 செடி. அத்தனை தொட்டி வாங்க வேண்டியதில்லை. நன்றாக நிறைந்த ஒரு கேலன் தொட்டியை நான்கைந்தாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு குருத்தும் சொந்த வேரும் இருக்க வேண்டும். பத்துத் தொட்டி போதும். ஒற்றைக் குருத்தாகப் பிரித்தாலும் பிழைக்கும், ஆனால் வரிசை இடைவெளி இல்லாமல் நிறைய இன்னும் ஓரிரு வருடம் ஆகும்.

வெயில் பக்கத்தில் 2 அங்குலம் மட்கு உரம் பரப்பி, 6 முதல் 8 அங்குலம் ஆழம் கொத்திக் கலக்குங்கள். ஓக் மரத்தடியில் அப்படிக் கொத்தினால் மரத்தின் உணவு வேர்கள் அறுந்துபோகும். வேர்களுக்கு நடுவே கைக்கரண்டியால் சிறு குழி போட்டு வையுங்கள். செடியின் கழுத்து, அதாவது வேரும் இலையும் சேரும் இடம், தரைமட்டத்தில் நிற்க வேண்டும், மண்மேல் பரப்பும் மூடாக்கு அதன்மேல் ஏறக்கூடாது. முதல் கோடையில் மழையும் சேர்த்து வாரம் ஓர் அங்குலம் தண்ணீர் கிடைத்தால் போதும்.

பதில் 3:
வெட்டுவது பிப்ரவரியில். அதற்கு முன் இலைகளை விலக்கிக் குருத்தைப் பாருங்கள். புதுக் குருத்து மேலே வருமுன் 3 அங்குல உயரத்தில் வெட்டிவிட வேண்டும். தாமதித்தால் குருத்தின் நுனியும் போய்விடும், அந்த இலை வருடம் முழுக்க மொட்டையாகப் பழுப்பு விளிம்போடு நிற்கும். வெட்டிய இலையை அங்கேயே விடாதீர்கள். இலை நுனியில் செம்பழுப்புப் புள்ளி போடும் ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை அதில்தான் தங்கும்.

உங்கள் மஞ்சள் இலை தண்ணீர்க் குறைவாகத் தெரியவில்லை. ஓர் இலையை மெல்ல இழுங்கள். அடி பழுப்பாகி, பிடி இல்லாமல் கையோடு வந்தால் அது பைட்டோப்தோரா என்ற கிருமியால் வரும் கழுத்தழுகல் நோய். களிமண்ணில் நீர் தேங்குவதும் மேலிருந்து தெளிப்பதும் அதை வளர்க்கும். அழுகிய தூர் மருந்துக்குத் தேறாது. சுற்று மண்ணோடு தோண்டிக் குப்பையில் போடுங்கள், மட்குக் குழியில் வேண்டாம். அந்தத் தூர்களைப் பிரித்துப் புது வரிசைக்கு எடுத்துவிடாதீர்கள், நோய் 40 அடிக்கும் போகும்.

கேள்வி கேட்டவர்:
இழுத்ததும் வந்துவிட்டது, அடி பழுப்புதான். அதே இடத்தில் புதுச் செடி வைக்கலாமா?

பதில் 3:
லிரியோப்பி வேண்டாம். மாண்டோ நெருங்கிய உறவு, அதையும் தவிருங்கள். ஒரு குழி தோண்டி நீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் முதலில் வடிகால் வேலை. பிறகு பசுமை மாறாத கேரெக்ஸ் வகைக் கோரை வைக்கலாம், பார்வைக்கு வரிசையோடு ஒத்துப்போகும். தோண்டிய மண்வெட்டியை மண் போகக் கழுவிய பிறகே புது வரிசைக்குக் கொண்டுபோங்கள்.