"தீபாவளி வாழ்த்துகள், பாய்!": நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? (அனுபவப் பகிர்வு)

தொடங்கியவர், திருச்சி

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு செய்திகள் தவறாமல் வந்துசேரும். மாற்று மதத்தவரின் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வது ஹராம் (தடுக்கப்பட்டது) என்பது ஒன்று. சொல்லாதவன் மனிதனே அல்லன் என்பது மற்றொன்று. இவற்றை அனுப்புகிறவர்கள், மறுநாள் காலையில் அலுவலகப் படிக்கட்டில் எதிர்ப்பட்டவரிடம் தாங்கள் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் எழுதுவதில்லை. அதை இங்கே எழுதலாம் என்பதற்காகவே இதைத் தொடங்குகிறேன். தீர்ப்பு வேண்டுபவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் என்னுடையது. நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவில் நீண்ட காலம் நான் ஒருவன்தான் முஸ்லிமாக இருந்தேன். போன ஆண்டு ஓர் இளைஞர் புதிதாக வந்து சேர்ந்தார். ஐந்து வேளைத் தொழுகையைத் தவறவிடாத, வேலையிலும் பிழை வைக்காத பிள்ளை. தீபாவளிக்கு முதல் நாள், ஓய்வு பெற இருந்த எங்கள் காசாளர், வீட்டில் செய்த அதிரசத்தை எவர்சில்வர் டப்பாவில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாக வந்தார். இளைஞரிடம் வந்து, "தீபாவளி வாழ்த்துகள், தம்பி" என்று டப்பாவை நீட்டினார். இவர் தலையைக் குனிந்தபடி, "எங்களுக்கு அது கிடையாது, சார்" என்றார். காசாளர் கோபப்படவில்லை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்தார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்று போதும் என்று வயிறு சொன்னாலும், அந்த இடத்தில் இரண்டு எடுக்க வேண்டியிருந்தது.

அன்று மாலை அந்த இளைஞர் என்னிடம் வந்து, தான் செய்தது சரிதானா என்று கேட்டார். வாழ்த்துச் சொல்வது இணைவைப்புக்கு (இறைவனுக்கு இணையாக வேறொன்றை வணங்குவதற்கு) உடன்படுவதாகும் என்று அவர் பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டிருக்கிறார். எதைச் சொல்லக் கூடாது என்பது அவருக்கு மனப்பாடமாக இருந்தது. அதற்குப் பதிலாக எதைச் சொல்வது என்பதை அந்த மேடையில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் என் அத்தா (தந்தை). பாலக்கரையில் சிறிய அரிசி மண்டி வைத்திருந்தார். தீபாவளிக்கு முதல் நாள் மூட்டை தூக்குபவர்களுக்கும் வண்டிக்காரருக்கும் வேட்டியும் துண்டும் கொடுத்து, "பிள்ளை குட்டிகளோட நல்லா இருங்கப்பா" என்பார். 'தீபாவளி' என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. வாங்கிச் சென்றவர்களில் ஒருவர்கூட அதைக் குறையாக நினைத்ததாகவும் தெரியவில்லை. ஹனஃபி சட்டப்பள்ளியின் நூல்களில், பாரசீகர்களின் நைரூஸ் (புத்தாண்டு) நாளில் அந்த நாளை மகிமைப்படுத்தும் எண்ணத்தோடு ஒரு முட்டையை அன்பளிப்பாகக் கொடுப்பதுகூட ஈமானை (இறைநம்பிக்கையை) பாதிக்கும் என்ற கடும் வாசகம் இருப்பதைப் பிற்காலத்தில் எங்கள் ஹஸ்ரத் (மார்க்க ஆசிரியர்) எனக்குச் சொன்னார். அந்த வாசகம் முழுவதும் 'மகிமைப்படுத்தும் எண்ணத்தோடு' என்ற நிபந்தனையில்தான் நிற்கிறது என்பதையும் அவரே சொன்னார். அத்தாவுக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததா என்று கேட்க இப்போது அவர் இல்லை.

ஆசிரியை, மயிலாடுதுறை

வ அலைக்கும் ஸலாம். வாழ்த்தைவிடத் தட்டுதான் எங்கள் வீட்டில் பிரச்சினையாக இருந்தது.

நாங்கள் குடியிருக்கும் தெருவில் எங்களுடையது ஒன்றே முஸ்லிம் வீடு. எதிர்வீட்டு அக்காவுக்கு நோன்புக் கஞ்சி என்றால் உயிர். ரமலானில் மாலை ஐந்தரைக்கெல்லாம் தூக்குவாளி எங்கள் வாசலுக்கு வந்துவிடும். அதே அக்கா தீபாவளியன்று விடியற்காலையில் முறுக்கும் லட்டும் வடையுமாக ஒரு தட்டு அனுப்புவார். திருமணமான புதிதில், எது சாமிக்குப் படைத்தது, எது வெறும் பலகாரம் என்று தெரியாமல், தட்டை வாங்கி வைத்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடுவேன். மூன்றாம் ஆண்டு அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு காரணத்தைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, எங்க வீட்டுல விரதம் இருக்கிறவங்களுக்குத் தனியா எடுத்து வைக்கிறதில்லையா?" என்றார். அதற்குப் பிறகு 14 ஆண்டுகளாகப் படைப்பதற்கு முன்பே எங்கள் பங்கை எடுத்து மூடி வைத்துவிடுகிறார். மகனிடம் கொடுத்தனுப்பும்போது, "படைக்காதது என்று சொல்லிக் கொடு" என்று அவர் உள்ளிருந்து கூப்பிட்டுச் சொல்வது தெருவுக்கே கேட்கும்.

பிற்பாடு ஒரு நூலில் இதே கேள்வியைப் பார்த்தபோது சிரிப்பும் வியப்புமாக இருந்தது. எங்களுக்கு மஜூஸிகளுடன் (நெருப்பை வணங்கும் பாரசீகர்களுடன்) உறவு உண்டு, அவர்கள் தங்கள் பண்டிகையில் எங்களுக்கு அன்பளிப்பு அனுப்புகிறார்கள், என்ன செய்வது என்று ஒரு பெண் நபிகளாரின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டிருக்கிறார். அந்த நாளுக்காக அறுக்கப்பட்டதை உண்ணாதீர்கள், அவர்களுடைய மரங்களில் விளைந்ததை உண்ணுங்கள் என்பது ஆயிஷா (ரலி) சொன்ன பதிலாக இப்னு அபீ ஷைபாவின் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. பண்டிகை விஷயத்தில் மிகக் கடுமையானவர் என்று பெயர் பெற்ற இடைக்கால அறிஞர் இப்னு தைமிய்யா இதைத் தம் நூலில் எடுத்துக்காட்டி, அன்பளிப்பைப் பெற்றுக்கொள்வதற்குப் பண்டிகை நாள் தடையாகாது என்றே முடிக்கிறார். அவர் பெயரைச் சொல்லி வரும் வாட்ஸ்அப் செய்திகளில் இந்தப் பகுதி மட்டும் ஏன் விடுபட்டுப்போகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

வாழ்த்து? தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் கொஞ்சம் பேரீச்சம்பழம் வைத்து, "அக்கா, எல்லாரும் நல்லா இருக்கணும்" என்பேன். அதற்கு மேல் அவர் எதிர்பார்த்ததும் இல்லை.

கடற்கரை ஊர்க்காரர், தூத்துக்குடி மாவட்டம்

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனால் மாற்றுக் கருத்தையும் ஒருவர் எழுதியாக வேண்டும். நான் பண்டிகை வாழ்த்துச் சொல்வதில்லை. அதை ஒளித்துக்கொள்வதும் இல்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் ஷாஃபிஈ மத்ஹப் (சட்டப்பள்ளி). இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' நூலுக்கு 16ஆம் நூற்றாண்டில் கதீப் ஷிர்பீனி எழுதிய விரிவுரையில், பண்டிகைக்காக வாழ்த்துபவர் கண்டிக்கப்பட வேண்டியவர்களின் வரிசையில் வருகிறார். ஹன்பலி அறிஞர் இப்னுல் கய்யிம், மதச் சடங்குகளுக்காக வாழ்த்துவது தடுக்கப்பட்டது என்பதில் அறிஞர்களுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை என்கிறார். ஒருவருக்குத் திருமணம் நடந்தாலோ குழந்தை பிறந்தாலோ வாழ்த்துவது வேறு கேள்வி என்று பிரித்து, அதில் ஹன்பலி மத்ஹபின் நிறுவனர் இமாம் அஹ்மதிடமிருந்து இரண்டு விதமாகவும் அறிவிப்புகள் உண்டு என்று அவரே எழுதுகிறார். ஆகவே இது நேற்று முளைத்த கண்டிப்பு என்று சொல்வது நியாயமில்லை.

"வாழ்த்து என்பது ஆளைத்தானே சேரும், நாளை அல்லவே" என்று என் மைத்துனர் வாதிடுவார். தமிழில் கடவுள் வாழ்த்து என்று ஒன்று இருக்கிறது, அது ஆளை நோக்கியதா என்று நான் திருப்பிக் கேட்பேன். வாழ்த்து என்ற சொல்லுக்குள் போற்றுதலும் இருக்கிறது. சொல்லை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் என் நெடுநாள் நண்பனிடம் இதைச் சொன்ன விதம் தவறாகப் போயிற்று. கல்லூரி முடித்த ஆண்டு, அவன் அனுப்பிய வாழ்த்து அட்டைக்குப் பதிலாக, ஆதாரங்கள் அடங்கிய நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். ஓர் ஆண்டு அவன் என்னோடு பேசவில்லை. பிறகு அவன் தந்தை காலமானபோது நான் போய் மூன்று நாள் கூடவே இருந்தேன். மருத்துவமனைக் கணக்கை முடித்ததும், வெளியூர் உறவினர்களை நிலையத்திலிருந்து அழைத்து வந்ததும் நான்தான். காரியம் எல்லாம் முடிந்த பிறகு அவன், "நாலு பக்கம் எழுதினியே, அதுல ஒரு வரி என்னைப் பத்தி எழுதியிருக்கலாமேடா" என்றான். அந்த ஒரு வரியை இன்றுவரை நான் எழுதவில்லை. இப்போதெல்லாம் தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து அவனுக்குத் தொலைபேசியில் பேசுகிறேன். ஏன் இரண்டு நாள் கழித்து என்று அவனும் கேட்பதில்லை.

தம்மாமில் (சவூதி) பணிபுரிபவர்

எனக்குக் கிறிஸ்துமஸ்தான் சோதனை. அறையில் நான்கு பேர். அவர்களில் ஒருவர் கோட்டயத்துக் கிறிஸ்தவர். 'அவன் யாரையும் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை' என்று குர்ஆனிலிருந்து தினமும் ஓதுகிற நாவால், இறைவனுக்குப் பிள்ளை பிறந்தார் என்று கொண்டாடும் நாளுக்கு எப்படி வாழ்த்துவது என்று தயங்கினேன். தீபாவளியைவிட இங்கேதான் அகீதா (அடிப்படை நம்பிக்கை) நேரடியாக மோதுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் அறையிலேயே இருந்த ஒரு மலபார் மௌலவி, குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தின் 33ஆம் வசனத்தை ஓதினார். தாம் பிறந்த நாளின் மீது சாந்தி உண்டாகட்டும் என்று ஈஸா (அலை), அதாவது இயேசு, சொல்வதாக வரும் வசனம் அது. கத்தரில் வாழ்ந்த அறிஞர் யூசுஃப் அல்கர்ளாவி, நம்மை நம் பெருநாளில் வாழ்த்துகிறவர்களை நாமும் வாழ்த்தலாம் என்று கூறியதையும், எகிப்தின் தாருல் இஃப்தா (மார்க்கத் தீர்ப்பு வழங்கும் அமைப்பு) அனுமதிப்பதையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். சவூதி அறிஞர் இப்னு உஸைமீனின் தடையையும் அவர் மறைக்கவில்லை. இருபக்கமும் கேட்ட பிறகு நான் வாழ்த்தினேன். அந்த நண்பர் அன்று ஊரில் இருந்த தன் மகளைக் காணொளியில் அழைத்து எனக்குக் காட்டினார். நான் எடுத்தது பலவீனமான கருத்தாக இருந்தால் அல்லாஹ் மன்னிப்பானாக.

சென்னையிலிருந்து ஒருவர்

பொங்கலை யாரும் தொடவில்லையே! எங்கள் அலுவலகத்தில் 'சமத்துவப் பொங்கல்' என்று பானை வைப்பார்கள். அது அறுவடைத் திருநாள், தமிழர் எல்லாருக்கும் பொது என்று சொல்லி நான் தயங்காமல் வாழ்த்திவிடுவேன். சூரியனுக்குப் படையல் வைக்கும்போது மட்டும் கரும்பு வெட்டும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விடுவேன். இது நழுவலா, நிலைப்பாடா என்று என் மனைவி கேட்கிறாள். ஐந்து ஆண்டுகளாகப் பதில் யோசிக்கிறேன். கரும்பு வெட்டுவதில் நல்ல தேர்ச்சி வந்திருக்கிறது.

வாசகர் ஒருவர் (நான் முஸ்லிம் அல்லன்)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். காசாளரின் இடத்தில் நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன். அன்று எனக்கு வலித்ததற்கு வாழ்த்துக் கிடைக்காதது காரணம் இல்லை. "எங்களுக்கு" என்று என் நண்பரும் தொடங்கினாரே, அதுதான். பத்து ஆண்டு ஒன்றாகச் சாப்பிட்ட பிறகு நான் எந்த 'எங்களுக்கு'ள் இருக்கிறேன் என்று அன்றுதான் யோசித்தேன். தூத்துக்குடி நண்பர் தன் நண்பனுக்கு அந்த ஒரு வரியை எழுதிவிடலாம் என்பது என் ஆசை.

தொடங்கியவர், திருச்சி

எல்லாருக்கும் நன்றி. குர்ஆனின் மும்தஹினா அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தை யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். மார்க்கத்துக்காக நம்மோடு போரிடாதவர்களுக்கும், நம்மை ஊரைவிட்டுத் துரத்தாதவர்களுக்கும் நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்று அது சொல்கிறது. தூத்துக்குடிக்காரர் அந்த மூன்று நாளில் செய்தது அதைத்தான் என்று நான் எண்ணுகிறேன். ஆனால் அந்த வசனம் வாழ்த்துச் சொல்லுக்கு அனுமதியா என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த இளைஞரின் கதை பாதியில் நிற்கிறது, முடித்துவிடுகிறேன். காசாளர் சித்திரையில் ஓய்வு பெற்றுவிட்டார். இந்தத் தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அவரைப் பார்க்கப் போகலாமா என்று இளைஞரே கேட்டார். என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து உறையூர் வரை, என் அத்தாவின் வாசகத்தைத் தனக்கு ஏற்றபடி மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். "பிள்ளைகளோட நல்லா இருங்க, சார்" என்பதா, "அல்லாஹ் உங்களுக்கு நல்ல ஆரோக்கியத்தைக் கொடுக்கட்டும்" என்பதா என்று ஒரு முடிவுக்கு வருவதற்குள் வீடு வந்துவிட்டது.

கதவைத் திறந்த காசாளர் அவரைப் பார்த்ததும், "வாப்பா, அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கு?" என்று கேட்டார். அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் மூட்டுவலி, அதற்கான தைலங்கள், தைலம் விற்கும் கடைகள் என்று பேச்சு ஓடிவிட்டது. கிளம்பும்போது அவர் மனைவி ஒரு பொட்டலம் கொடுத்தார். இளைஞர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஒத்திகை பார்த்த வாசகம் கடைசிவரை வெளியே வரவில்லை.